கூட வந்தவன் சொன்னா கேப்பான்



காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம், கோவளம், முட்டுக்காடுன்னு இந்நேரம் செட்டு சேர்ந்திருக்கும். யாரு பைக்ல யாரு, எத்தனை மணிக்குக் கிளம்புறது, பிரியாணி எங்க வாங்குறதுன்னு வாட்ஸ்அப் குரூப்புல பேசி முடிச்சிருப்பீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி இந்தப் பதிவ ஒரு தடவை படிச்சுட்டுப் போங்க. கொஞ்சம் நீளம்தான், ஆனா தேர்தல் பதிவு இல்ல.

மறுநாள் என்ன வரும்னு நமக்கு மனப்பாடம். கடற்கரை முழுக்க பிளாஸ்டிக் தட்டு, தடுப்பைத் தாண்டிக் குளிக்கிற கூட்டம், ஈ.சி.ஆர்.ல சைலன்சர் கழட்டின வண்டியில மூணு பேர். எல்லாம் போட்டோவா சுத்தும். கீழ "இந்த ஜனம் திருந்தாது", "மிருகக் கூட்டம்"னு கமெண்ட் வரும். ஒவ்வொரு கட்சி ஐ.டி. விங்கும் அந்தப் போட்டோவை எடுத்து அடுத்த கட்சிக்காரன் தலையில கட்டப் பார்க்கும். இந்த "ஜனம் திருந்தாது" வசனத்துல எனக்கு நம்பிக்கையே இல்ல.

ஏன்னா அதே பையன் திங்கட்கிழமை காலைல மறைமலைநகர்லயோ மகேந்திரா சிட்டியிலயோ கம்பெனி வாசல்ல ஐ.டி. கார்டு மாட்டிக்கிட்டுதான் நுழையறான். உள்ள தரையில போட்டிருக்கிற மஞ்சள் கோட்டுக்குள்ளயே நடக்குறான். ஷூ இல்லாம ஷாப் ஃப்ளோருக்குப் போக மாட்டான். மெட்ரோவுல எச்சில் துப்ப மாட்டான். தனியா கடற்கரைக்குப் போனா முட்டி வரைக்கும் தண்ணி வந்ததும் அவனே திரும்பி வந்துடுவான். எட்டு பேரா போனாதான் கழுத்து வரைக்கும் போறான். ஆக, பிரச்சனை அவனோட குணத்துல இல்ல. எட்டு பேர் சேர்ந்ததும் நடுவுல என்னவோ நடக்குது, அதைத்தான் பார்க்கணும்.

அது எப்படி நடக்குதுன்னு கவனிச்சுப் பாருங்க. கரையில "குளிக்கத் தடை"ன்னு போர்டு இருக்கும். சில இடத்துல சவுக்குக் கம்பு கட்டி, போலீஸ்காரர் விசில் ஊதிட்டு நிப்பாரு. முதல்ல யாரும் உள்ள போகணும்னு வர்றதில்ல, கால் நனைக்கத்தான் வர்றாங்க. அதுல ஒருத்தன் ரெண்டடி கூடப் போவான். போனவன் திரும்பி "டேய், வாடா, ஒண்ணும் இல்ல"ன்னு கூப்பிடுவான். அந்தக் கூப்பாடு இருக்கே, அது போர்டை விடப் பெருசு. போர்டு எழுதினவன் யாருன்னு தெரியாது. கூப்பிடுறவன் ஆறாங்கிளாஸ்லேர்ந்து கூடப் படிச்சவன். போகலன்னா "பயந்தாங்கொள்ளி"ன்னு அடுத்த பொங்கல் வரைக்கும் ஓட்டுவாங்க. ரெண்டாவது ஆள் இறங்குவான். அதுக்கப்புறம் நாலு பேர் இறங்குறதுக்கு யாரும் எதையும் முடிவு பண்ணத் தேவையே இல்ல. "இவ்ளோ பேர் நிக்கிறாங்க, ஆபத்துன்னா நிப்பாங்களா?"ன்னு ஒவ்வொருத்தனும் மத்தவனப் பார்த்துதான் நினைக்கிறான். யாருமே கடலப் பார்த்திருக்க மாட்டான்.

அந்தக் கடல் எப்படிப்பட்டதுன்னும் சொல்லணும். வெறும் "ஆபத்து"ன்னு போர்டு வச்சா ஒருத்தனும் கேக்க மாட்டான், காரணம் சொன்னா கேப்பான்னு நினைக்கிறேன். அலை கரைக்குக் கொண்டு வந்து கொட்டுற தண்ணி எல்லாம் திரும்பிப் போயாகணும். அது கரை முழுக்க ஒரே மாதிரி திரும்பாது. தண்ணிக்கு அடியில மணல் மேடு உடைஞ்ச இடத்துல வாய்க்கால் மாதிரி சேர்ந்து உள்ள இழுக்கும். பாறை கொட்டியிருக்கிற இடத்தை ஒட்டியும் இப்படி இழுக்கும். மாமல்லபுரத்துல கடற்கரைக் கோயிலைக் காப்பாத்த கொட்டின பாறை பக்கத்துலயே இருக்கு. இதுல கொடுமை என்னன்னா, இழுக்கிற இடத்துல மேல அலை கம்மியாத் தெரியும். புதுசா வர்றவன் "இங்க அலை இல்லடா, இங்க இறங்கலாம்"னு சரியா அங்கதான் இறங்குவான். மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து நேரா நீந்தக் கூடாது, அது ஓடுற தண்ணிய எதிர்த்து நீந்துற மாதிரி, ரெண்டே நிமிஷத்துல மூச்சு வாங்கிடும். கரைக்கு இணையா பக்கவாட்டுல போய் அந்த வாய்க்காலை விட்டு வெளிய வந்து, அப்புறம் கரைக்குத் திரும்பணும். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சேன், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்னு ஒரு பேப்பரே எழுதினேன். இத யாரும் சொல்லித் தரல. மீனவர் குப்பத்துல பத்து வயசுப் பையனுக்குத் தெரியும்.

"குடிச்சிட்டு ஆடுற பசங்கதான் சாவாங்க, நமக்கென்ன"ன்னு நினைக்கிறவங்களுக்கு நம்ம மாவட்டத்துலயே நடந்த ஒண்ண ஞாபகப்படுத்துறேன். 2023 ஏப்ரல் 5, பங்குனி உத்திரம். நங்கநல்லூர் தர்மலிங்கேஸ்வரர் கோயில் தீர்த்தவாரி, மூவரசம்பட்டு குளத்துல. சாமியோட குளத்துல இறங்கினவங்க ஒண்ணா பழகின இளைஞர்கள், கோயில் கைங்கரியம் பண்றவங்க. யாரும் குடிக்கல, யாரும் ரீல்ஸ் எடுக்கல. ஒருத்தர் ஆழத்துல சிக்கினார். காப்பாத்தப் பக்கத்துல இருந்தவர் போனார். அவரைக் காப்பாத்த அடுத்தவர். கடைசில 5 பேர். எல்லாருமே இருபது வயசை ஒட்டினவங்க. அதுக்கு முந்தின வருஷம், 2022 ஜூன் 5, நெல்லிக்குப்பம் பக்கத்துல குச்சிப்பாளையம், கெடிலம் ஆறு. அங்க 7 பேர், சிறுமிகளும் இளம்பெண்களும். அதுவும் இதே மாதிரி ஒருத்தரைக் காப்பாத்த இன்னொருத்தர் இறங்கினதுதான்.

இதப் படிக்கும்போது "நட்புக்காக உயிரைக் கொடுத்தான்"னு ஸ்டேட்டஸ் போடத் தோணும். போடாதீங்க. பாசத்தைக் குறை சொல்லல நான். கூட வந்தவன் மூழ்குறதப் பார்த்துட்டு சும்மா நிக்கிறவன் எவனும் நமக்கு வேண்டாம். ஆனா அந்தப் பாசத்துக்கு இறங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருந்துச்சு. "போதும், இதுக்கு மேல போகாத"ன்னு சொல்ற வேலை. அதைச் செய்ய நம்ம பழக்கத்துல ஆளே இல்ல. "வாடா"ன்னு கூப்பிட ஆள் இருக்கு, உயிரைக் கொடுக்க ஆள் இருக்கு, நடுவுல "வேணாம்டா"ன்னு சொல்ல மட்டும் கூச்சப்படுறோம்.

இந்தக் கூச்சம் கடற்கரையோட நிக்கல. 2019 செப்டம்பர் 12, பள்ளிக்கரணை ரேடியல் ரோடு. சாலை நடுவுல வச்சிருந்த அரசியல்வாதி வீட்டுக் கல்யாண பேனர் ஸ்கூட்டர் மேல விழுந்து, தடுமாறி விழுந்த பொண்ணு மேல பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறிடுச்சு. 23 வயசு, நம்மள மாதிரி இன்ஜினியர். அது எந்தக் கட்சி பேனர்னு இப்ப நான் சொல்லப் போறதில்ல. அன்னைக்கு வரைக்கும் எல்லாக் கட்சியும்தான் ரோட்டுல பேனர் வச்சுச்சு. அந்த பேனரை அடிக்க டிசைன் போட்டவன், கம்பம் நட்டவன், கட்டினவன், போட்டோவுல மூஞ்சி வந்தவன்னு குறைஞ்சது பத்துப் பேர் இருந்திருப்பாங்க. "அண்ணே, நடு ரோட்டுல வேணாம்ணே"ன்னு அதுல ஒருத்தன் சொல்லியிருந்தா போதும். அண்ணன் மனசு நோகுமேன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. கட்சிக்குள்ள இருக்கிற நமக்கு இந்த மௌனம் நல்லாவே தெரியும்.

சரி, இதே கூட்டம் ஒழுங்கா இருந்ததே இல்லையா? 2017 ஜனவரியை நினைச்சுப் பாருங்க. காணும் பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி 17, மெரினாவுல ஜல்லிக்கட்டுக்காகக் கூட ஆரம்பிச்சாங்க. லட்சக்கணக்குல கூட்டம், ஒரு வாரம், ராத்திரி பகலா. அனுமதி வாங்கின கூட்டமா அது? இல்ல. சட்டப் புத்தகப்படி பார்த்தா அங்க நின்ன ஒவ்வொருத்தனும் விதி மீறினவன். ஆனா குப்பையை அவங்களே பொறுக்கினாங்க, ஆம்புலன்ஸுக்கு அவங்களே வழி விட்டாங்க, டிராஃபிக்கை அவங்களே பார்த்துக்கிட்டாங்க, பொண்ணுங்க ராத்திரி மணல்ல பயமில்லாம உக்காந்திருந்தாங்க. முந்தின நாள் காணும் பொங்கலுக்கு வந்துட்டுப் போனதும் இதே வயசுப் பசங்க, இதே மணல். அந்த ஒரு வாரம் ஒழுங்குங்கிறது அவங்க சொந்தச் சொத்தா இருந்துச்சு. ஒருத்தன் தண்ணி பாக்கெட்டைக் கீழ போட்டா பக்கத்துல இருக்கிறவன் "தலைவா, எடுத்துடு"ன்னு சொன்னான், போட்டவன் சண்டைக்குப் போகாம எடுத்தான். அதே வார்த்தைய போலீஸ் சொல்லியிருந்தா முறைச்சிருப்பான்.

மாமல்லபுரத்துக்கே திரும்பி வர்றேன். காணும் பொங்கல் முடிஞ்சு ஒண்ணரை மாசம் போல ஆனா மாசி மகம். அப்ப இதே கடற்கரைக்கு இருளர் மக்கள் வருவாங்க. நம்ம செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம்னு பல மாவட்டத்துலேர்ந்து ஆயிரக்கணக்குல. புடவையையும் துணியையும் கட்டி மணல்லயே கூடாரம் போட்டு, அங்கயே சமைச்சு, அங்கயே தூங்குவாங்க. கோபிச்சுக்கிட்டுக் கடலுக்குப் போயிட்ட கன்னியம்மாவ சமாதானம் பண்ணி ஊருக்குக் கூட்டிட்டுப் போறதுதான் அவங்க நம்பிக்கை. பௌர்ணமி விடியக்காலையில ஈர மணல்ல ஏழு படி கட்டி, பூ, தேங்காய், வெத்தலை வச்சுக் கும்பிடுவாங்க. குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து, நிச்சயம், கல்யாணம் எல்லாம் அங்கயே நடக்கும். அவங்கள்ல பல பேர் செங்கல் சூளையிலயும் அரிசி ஆலையிலயும் கூலி வேலை பார்க்கிறவங்க. கொத்தடிமையா இருந்து மீட்கப்பட்ட குடும்பங்களும் உண்டு. சிதறிக் கிடக்கிற சொந்தம் ஒரே இடத்துல முகம் பார்க்கிறது வருஷத்துல அந்த ரெண்டு மூணு நாள்தான். இவங்க யாருன்னு தெரியாதவங்களுக்கு ஒண்ணு. வடநெம்மேலியில 1978லேர்ந்து இயங்குற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் எடுத்துத் தர்ற விஷத்துலேர்ந்துதான் நாட்டுல பாம்புக்கடிக்குப் போடுற ஊசி மருந்து தயாராகுது. அங்கேர்ந்து வந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ கிடைச்சுது.

காணும் பொங்கல் கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் எனக்குத் தெரியிற வித்தியாசம் ஒண்ணுதான். இங்க எட்டுப் பசங்க மட்டும் தனியா வர்றதில்ல. பாட்டி, மாமன், அத்தை, கைக்குழந்தைன்னு மொத்த சனமும் மணல்ல இருக்கு. கடல்ல இறங்குற பையனைக் கரையிலேர்ந்து பேர் சொல்லிக் கூப்பிட நாலு வாய் இருக்கு. நாம செட்டு சேர்ந்து போகும்போது அந்த நாலு வாயையும் வீட்டுலயே விட்டுட்டுப் போறோம். சில சமயம் அதுக்காகத்தானே போறோம்.

ஆனா பாருங்க, "கடற்கரையை நாசம் பண்றாங்க"ன்னு முதல்ல பேச்சு வாங்குறது இருளர்தான். ஆயிரக்கணக்குல சனம் ராத்தங்குற இடத்துல எத்தனை கழிப்பறை, எத்தனை தண்ணித் தொட்டின்னு கேட்டுட்டு அப்புறம் பேசணும். கழிப்பறை கட்டாம "அசுத்தம் செய்யாதீர்"னு போர்டு மட்டும் வைக்கிறது நிர்வாகம் செய்யிற வேலையா? காணும் பொங்கலுக்கும் இதே கேள்விதான். குப்பைத் தொட்டி நூறு மீட்டருக்கு ஒண்ணு இல்லன்னா தட்டு மணல்லதான் கிடக்கும். இதை ஆட்சியில யார் இருந்தாலும் கேக்கணும், நாம இருந்தாலும்.

விதின்னு சொல்லும்போது இன்னொண்ணும் இருக்கு. 2021ல இதே மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில்ல அன்னதானப் பந்தியில உக்கார வந்த நரிக்குறவர் பெண்ணை எழுப்பி விட்டாங்க. மிச்சம் இருந்தா வெளிய வாங்கிக்கணும்ங்கிறது எந்தப் போர்டுலயும் எழுதாத விதி. அவங்க சும்மா போகல, கேமரா முன்னாடி நியாயம் கேட்டாங்க. அந்த வீடியோ ஊரெல்லாம் போன பிறகு அறநிலையத் துறை அமைச்சர் அதே கோயில் பந்தியில அவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளி அன்னைக்கு முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். அந்தப் பெண் உடைச்சது, உடைச்சே ஆகவேண்டிய விதி. அதனாலதான் "எல்லா விதியையும் மதி"ன்னு நான் பொதுவா எழுதல. எங்க தாத்தா பாட்டி தலைமுறை தெருவுல நடக்கக் கூடாது, குளத்துல இறங்கக் கூடாதுன்ன விதியை எல்லாம் உடைச்சுதான் நாம இங்க நிக்கிறோம். அந்த வீரத்தையும், தடுப்பைத் தாண்டிக் குதிச்சு செல்ஃபி எடுக்கிறதையும் ஒண்ணா குழப்பிக்காதீங்க. ஒரு விதியை உடைச்சா யாருக்கு நல்லது, யாருக்கு அடின்னு பார்த்தாலே தெரிஞ்சிடும்.

கூட வந்தவனோட பொறுப்பு சட்டத்துக்கும் லேசா புரிய ஆரம்பிச்சிருக்கு. 2022 அக்டோபர்ல சென்னைப் போக்குவரத்து போலீஸ், குடிச்சிட்டு ஓட்டுறவனோட பின்னாடி உக்காந்து வர்றவன் மேலயும் வழக்குன்னு அறிவிச்சாங்க. ஓட்டுறவனுக்கு அபராதம் 10,000 ரூபாய். "நான் சும்மாதானே உக்காந்திருந்தேன்"னு அன்னைக்கு நிறைய பேர் கத்தினாங்க. சும்மா உக்காந்திருந்ததுதான் குத்தம். மெரினாவுல காணும் பொங்கலுக்குக் குழந்தைங்க கையில பெத்தவங்க போன் நம்பர் எழுதின பட்டை கட்டி விடுறாங்களே, அதுவும் நல்ல வேலை. தொலைஞ்சா யார்கிட்ட சேர்க்கணும்னு தெரியுது. இருபது வயசுப் பையனுக்கு அப்படி ஒரு பட்டை கட்ட முடியாது. அவன் செட்டுதான் அவனுக்குப் பட்டை.

இதுல நாம என்ன பண்ண முடியும்? ஒவ்வொரு செட்டுலயும் ஒருத்தன் இருப்பான், கவனிச்சிருக்கீங்களா? நீச்சல் தெரியாதவன், இல்லன்னா ஜுரம் வந்து எழுந்தவன், இல்லன்னா புது பேண்ட் போட்டவன். எல்லார் போனும் பர்ஸும் செருப்பும் அவன் மடியில இருக்கும். அவனை எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். இந்தத் தடவை கிளம்பும்போதே அவனுக்கு அதிகாரம் கொடுங்க. "நீ கை தூக்கினா எல்லாரும் கரைக்கு வந்துடுவோம், கேள்வி கேக்க மாட்டோம்"னு வண்டி எடுக்கும்போதே பேசிக்கோங்க. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு விதி போட முடியாது. முன்னாடியே பேசிட்டா அவன் கூப்பிடுறது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது, ஒப்பந்தம் ஆயிடும். ஓட்டுறவன் குடிக்கிறதில்லைங்கிறதையும் அதே இடத்துல பேசி முடிச்சிடுங்க.

கிளைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். காணும் பொங்கல் வாழ்த்து ஃப்ளெக்ஸ் வேணாம். அந்தக் காசுல நல்ல நீளமான நைலான் கயிறு நாலு, லாரி டியூப் காத்தடிச்சது நாலு, குப்பைக்குச் சாக்குப்பை ஐம்பது வாங்குங்க. மாமல்லபுரம் கரையில மீனவ நண்பர்கள்கிட்ட முன்னாடி நாளே போய்ப் பேசி, எங்க இழுப்பு அதிகம்னு கேட்டு அந்த இடத்துல சிவப்புத் துணி கட்டுங்க. வருஷா வருஷம் யாராவது மாட்டினா படகைத் தள்ளிக்கிட்டு ஓடுறது அவங்கதான், அவங்க பேச்சுதான் அங்க செல்லும். போலீஸ்கிட்டயும் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிட்டு நில்லுங்க. கட்சித் துண்டு போட்டுக்கிட்டு நிக்க வேணாம். துண்டைப் பார்த்தா அடுத்த கட்சிப் பையன் வேணும்னே ரெண்டடி உள்ள போவான். சாதாரண சட்டையில, "தம்பி, அங்க பள்ளம், இந்தப் பக்கம் வா"ன்னு சொன்னா வருவான். விசில் ஊதி மிரட்டாதீங்க.

யாராவது இழுத்துட்டுப் போனா கூட இருக்கிறவன் குதிக்காம கயிறு, டியூப், காலி தண்ணி கேன், எது மிதக்குமோ அதைத் தூக்கிப் போடணும். ஒருத்தன் கண்ணை எடுக்காம அவன் போற திசையக் காட்டிட்டே நிக்கணும், இன்னொருத்தன் மீனவங்களக் கூப்பிட ஓடணும், மூணாவது ஆள் 112, 108 அடிக்கணும். இதையும் வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே யாரு எதுன்னு பேசிக்கோங்க.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கத்துலேர்ந்து யார் யார் வர முடியும்னு கமெண்ட்ல ஊர் பேரோட போடுங்க. மதியச் சாப்பாடு முடிஞ்சுதான் கூட்டம் ஏறும், அதனால 12 மணிக்குள்ள கரைக்கு வந்துடணும். நீச்சல் தெரிஞ்சவங்க, தெரியாதவங்க ரெண்டு பேரும் வேணும். தெரியாதவங்கதான் கரையை விட்டு நகர மாட்டாங்க.

#காணும்பொங்கல் #மாமல்லபுரம் #செங்கல்பட்டு